கவிழ்த்து வைத்த டம்ளர்

சிசவா விமான நிலையத்தில் மூடுபனி எவ்வளவு அடர்த்தி என்று அரசாங்கத்துக்குச் சொல்வது என் வேலை. அதற்கென்று ஒரு கருவி இருந்தது. ரொம்ப நாளாக அது காட்மாண்டுவில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும்வரை அரசாங்கம் என் கண்களைப் பயன்படுத்திக்கொள்கிறது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில், கண்ணாடி அறையைச் சுற்றி ஒரு மாடம் ஓடுகிறது. அந்த மாடம் மட்டும் வானிலைத் துறைக்குச் சொந்தம். நான் அங்கே குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு நிற்பேன். பக்கத்து அரிசி ஆலை தெரிந்தால் ஒரு அளவு. அதற்கப்பால் சிவன் கோயில் கொடி தெரிந்தால் இன்னொரு அளவு. எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் செங்கல் சூளையின் புகைபோக்கி தெரிந்துவிட்டால் விமானம் இறங்கலாம். நான் படித்தது இயற்பியல். புகைபோக்கி பார்ப்பதற்கு அது தடையாக இல்லை.

குளிர்காலத்தில் எங்கள் சமவெளியில் வெயில் அரசு அலுவலகம் போலத்தான். மதியம்போல் வரும், சீக்கிரம் போய்விடும். காலையிலிருந்து காட்மாண்டுவில் பயணிகளோடு காத்துக் கிடக்கும் விமானங்களெல்லாம், புகைபோக்கி தெரிகிறது என்று நான் சொன்ன அடுத்த நிமிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஒரு நாள் முழுக்க வரவேண்டியவை ஒரே மணி நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் வந்து வட்டமிடும். ஓடுபாதை ஒன்றுதான். அவற்றை இறக்குவதற்கு ஆளும் ஒன்றுதான்.

அந்த ஒரு ஆள் மேனுகா தீதி, அதாவது மேனுகா அக்கா.

கண்ணாடி அறையில் நான்கு இருக்கைகள் உண்டு. ஒன்றில் உட்கார்பவர் தூரத்தில் வரும் விமானங்களை வரிசைப்படுத்த வேண்டும். இன்னொருவர் இறக்க வேண்டும். மூன்றாமவர் இறங்கியதை நிறுத்த இடம் காட்ட வேண்டும். நான்காமவர் காட்மாண்டுவோடு தொலைபேசியில் பேச வேண்டும். முன்பு நான்கு பேர் இருந்தார்கள். கவிதாவுக்குக் குழந்தை பிறந்தது. ராஜேஷ் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு பெற்றுப் போனார். எங்கள் நாட்டில் வானத்தைப் பார்ப்பவர்களைவிட, வானத்தைப் பார்ப்பவர்களைப் பார்ப்பவர்கள் அதிகம். சுசீல் மனைவியின் விசாவில் தொற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு கிழவரைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டுமாம். ஒருத்தராகச் செய்தால் வேலை போய்விடுமாம். இதைப் படத்தோடு எங்களுக்கு அனுப்பியிருந்தார். மேனுகா தீதி அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆள் வேண்டும் என்று தீதி கேட்காமலில்லை. எங்கள் ஹாகிம், அதாவது நிலையத் தலைவர், ககேந்திர போக்ரேல். நல்ல மனிதர். யாரிடமும் இல்லை என்று சொல்லமாட்டார். தசைன் பண்டிகை முடியட்டும் என்றார். பிறகு திகார், அதாவது எங்கள் தீபாவளி, முடியட்டும் என்றார். அப்புறம் மூடுபனி முடியட்டும் என்றார். அதற்கிடையில் சும்மா இருக்கவுமில்லை. ஒரு நாள் தச்சரை அழைத்துவந்து தீதியின் நாற்காலிக்கு நான்கு சக்கரங்கள் பொருத்தினார். ஒரு இருக்கையிலிருந்து இன்னொன்றுக்கு எழுந்து நடக்கவேண்டிய சிரமம் அதோடு தீர்ந்தது.

திகாருக்குப் பிறகு, கேட்டும் தீதிக்கு ஒரு நாளும் விடுப்பு கிடைக்கவில்லை. கணவர் கத்தாரில். ஏழு வயது மகளோடு நிலையத்தின் குடியிருப்பிலேயே இருந்தார். வீட்டுக்குப் போனாலும் தலைக்குள் விமானம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சந்தையில் காலிபிளவர் விற்கிறவர் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மௌசம் பாபு, உங்க ஆபீஸ் மேடத்துக்கு உடம்பு எதும் சரியில்லையா?" ஊரில் எனக்கு அதுதான் பெயர். மௌசம் என்றால் வானிலை.

"ஏன்?"

"கிலோ என்ன விலைன்னு கேட்டாங்க. சொல்றதுக்குள்ள, 'காத்திருங்க, நீங்க ரெண்டாவது'ன்னுட்டு அப்படியே நின்னாங்க. எனக்கு முன்னாடி யாருமே இல்ல பாபு."

இனி ஜீவச் மண்டல். சிசவாவில் ஒவ்வொரு விமானமும் இறங்குவதற்கு முன் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் ஜீவச் மோட்டார் சைக்கிளில் ஓடுபாதையின் கோடிவரை போய், அங்கே இருக்கிற மாடு, நாய், நரி, குறுக்கு வழியில் சந்தைக்குப் போகிற பாட்டிகள், காதலர்கள் எல்லாரையும் விரட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வேலி இருக்கிறது. வேலியில் ஊர்க்காரர்கள் அமைத்த வாசல்களும் இருக்கின்றன. ஜீவச் அதே ஊர். அதுதான் அவருடைய கஷ்டம்.

"எல்லாம் சொந்தக்காரங்க மாடு பாபு," என்பார். "அடிச்சா சாயங்காலம் சண்டைக்கு வர்றாங்க. அடிக்கலன்னா அதுங்க என்னை மதிக்கறதில்ல."

அவரிடம் ஒரு வாக்கிடாக்கி உண்டு. குளிரில் அதன் பேட்டரி மனிதர்களைப் போலவே சுருண்டுகொள்ளும். போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் ஓடுபாதையின் நடுவில் இருக்கும்போது அது செத்துவிட்டது. பனியில் கோபுரத்திலிருந்து அவரைப் பார்க்கவும் முடியாது. தீதி ஒரு விமானத்தை இறங்கச் சொல்ல வாய் திறக்கும்போது, மேசைமேல் ஜீவச்சின் எவர்சில்வர் டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. டீ இருக்கிறது, ஆள் எங்கே என்று தோன்றியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஜீவச்சைக் காப்பாற்றியது ஆறிப்போன டீ.

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஜீவச் ஓடுபாதைக்குள் போகும்போது தீதி அவருடைய டம்ளரை மைக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். அது கவிழ்ந்திருக்கும்வரை எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கிடையாது. ஜீவச் திரும்பிவந்து கோபுரத்தின் அடியில் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தி முன்விளக்கை இரண்டு தடவை சிமிட்டுவார். அப்புறம்தான் டம்ளர் நிமிரும். கடைசி விமானமும் போனபிறகு அதே டம்ளரில் அவருக்கு டீ.

இதற்கென்றே முறைப்படி ஒரு சிவப்புப் பலகை காட்மாண்டுவிலிருந்து வந்தது உண்மைதான். மைக்கின் மேல் மாட்டவேண்டியது. எங்கள் மைக்கைவிடப் பெரிதாக இருந்தது. ஹாகிம் அறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அண்டை கொடுக்கச் சரியாக இருந்தது.

மாகே சங்கராந்திக்கு முந்தின நாள். ஊருக்குப் போகிறவர்கள் எள்ளும் நெய்யும் கிழங்குமாகக் காட்மாண்டுவில் மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காலையிலிருந்து விமானக் கம்பெனி மேலாளர்களின் தொலைபேசி.

"மௌசம் பாபு, சூளை தெரியுதா?"

"தெரியல ஹஜூர்."

"நல்லா பாருங்க."

"நல்லா பாத்ததுலதான் தெரியல."

"எனக்கு இங்கேருந்தே தெரியுதே பாபு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"காட்மாண்டுல."

தீதி மேலே ஏறி வந்தார். சால்வையைத் தலையோடு சுற்றியிருந்தார். படிக்கட்டின் கடைசிப் படியில், ஏறியாயிற்றா இன்னும் படி இருக்கிறதா என்று யோசிப்பவர்போல ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். பிறகு மாடத்துக்கு வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வெளியே பால் கொதித்துப் பொங்கின மாதிரி வெள்ளை.

"இன்னிக்கு சூளை தெரியாமலே போகட்டும் மௌசம்," என்றார். "ஒரே ஒரு நாள். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த நாற்காலியிலேயே தலைய சாச்சிடுவேன்."

"வேணும்னா தெரியலைன்னே சொல்லிடட்டுமா தீதி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வேணாம். நாளைக்கு அதையும் சேத்து வரும்."

ஜீவச் எள்ளுருண்டைப் பொட்டலத்தோடு வந்தார். மனைவி செய்ததாம். கல் மாதிரி இருந்தது. அவரே ஒன்றைக் கடித்துவிட்டு, "மாட்ட விரட்டவும் ஆகும்," என்று இரண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தீதி சிரிக்கவில்லை. ஜீவச் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில், இருந்த இடத்திலேயே, இன்னொரு தடவை அழுத்தி வைத்தார்.

"என்னை மறந்துராதீங்க தீதி," என்றார் விளையாட்டாக.

"உங்களை மறந்தா உங்க மாடுங்களை யாரு மேய்க்கறது?"

மதியம் அரிசி ஆலை வந்தது. பிறகு கோயில் கொடி. பிறகு, யாரோ வெள்ளைத் துணிக்குப் பின்னால் விரலை நீட்டினதுபோல, புகைபோக்கியின் நுனி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. கண்ணாடியின் வழியாகத் தீதியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தேன். அவர் சால்வையை இறக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஆனால் அந்தப் பனி முழுசாக விலகவில்லை. கோபுரத்தின் முன்னால் வெயில், ஓடுபாதையின் கிழக்குக் கோடியில் இன்னும் வெள்ளை. நான் உள்ளே போய்ச் சொன்னதும் தீதி ஹாகிமுக்குப் போன் செய்தார்.

"ஹஜூர், காட்மாண்டுல சொல்லி ஒவ்வொண்ணா விடச் சொல்லுங்க. எல்லாம் ஒண்ணா வந்தா என்னால முடியாது."

மறுமுனையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தீதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு சங்கராந்தின்னு தெரியும் ஹஜூர். ஜனங்க காத்திருக்காங்கன்னும் தெரியும்... நீங்க வந்து என்ன செய்வீங்க? உங்களுக்கு இந்த மைக்குல பேச அனுமதி இல்லியே... சரி. வாங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம், "துணைக்கு வராராம்," என்றார்.

முதல் இரண்டு விமானங்களும் ஒழுங்காக இறங்கின. மூன்றாவது இறங்கி நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள், முன்னால் வந்தவை இன்னும் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தன. இடம் போதவில்லை. மேலே நான்கு விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தீதி நாற்காலியில் உருண்டு உருண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒருவரை வடக்கே தள்ளி நிறுத்து. ஒருவரை இன்னும் மேலே ஏற்று. காட்மாண்டு ஒருபக்கம் மணியடித்துக்கொண்டிருந்தது. ஒரு விமானி எரிபொருளைப் பற்றிச் சொன்னார், முதலில் மரியாதையாக, பிறகு மரியாதையில்லாமல். சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் கிரீச்சிட்டன.

சங்கு ஊதியது. ஜீவச்சின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது.

"கிழக்குக் கோடில எருமை தீதி. என் மச்சினனோடது. உள்ள போறேன்."

"போங்க."

தீதி டம்ளரைக் கவிழ்த்தார். நான் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் வெயிலைத் தாண்டி வெள்ளைக்குள் போய் மறைந்தது.

நான் வெளியே வந்து மாடத்தின் மறுபக்கம் போனேன். கோயில் கொடி மறுபடி மங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மங்கவில்லை. குறித்துக்கொண்டு திரும்பினேன். கண்ணாடிக்குள் ஹாகிம் இருந்தார். கழுத்தில் மப்ளர், கையில் பூப்போட்ட பெரிய பிளாஸ்க், முகத்தில் படியேறி வந்த மூச்சிரைப்பு. தீதி ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதன்முதலாக அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது. ஹாகிம் அதைப் பார்த்துத் திருப்தியோடு நின்றார்.

சரி, ஜீவச் வந்துவிட்டார் என்று நினைத்தேன். டம்ளர் நிமிர்ந்து தீதியின் கையில் இருந்ததே.

தீதியின் உதடுகள் அசைந்தன. மேற்கே வானத்தில் ஒரு விமானம் விளக்குகளோடு தணிந்து வந்தது. மூச்சு விட்டுக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியாது. எள்ளுருண்டை மிச்சமிருக்கிறதா என்று கேட்கத்தானோ என்னவோ. தகரக் கொட்டகை காலியாக இருந்தது.

கதவுக்குச் சுற்றிப் போக நேரமில்லை, கண்ணாடியை அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். அந்தக் கண்ணாடி விமானச் சத்தமே உள்ளே போகாதபடி செய்தது. ஹாகிம்தான் முதலில் திரும்பினார். என்னைப் பார்த்துச் சிரித்து, பிளாஸ்கைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். உனக்கும் இருக்கிறது, கவலைப்படாதே என்று அர்த்தம்.

நான் கொட்டகையைக் காட்டினேன். கிழக்கைக் காட்டினேன். கையைக் கவிழ்த்துக் காட்டினேன். தீதி என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அதிலிருந்த, ஹாகிம் நிமிர்த்தி டீ ஊற்றிக் கொடுத்திருந்த ஜீவச்சின் டம்ளரைப் பார்த்தார்.

"மேல போங்க. இறங்காதீங்க, மேல போங்க."

இதை நான் உதடுகளில்தான் படித்தேன். விமானத்தின் சக்கரங்கள் அப்போது ஓடுபாதையின் மேல், ஒரு ஆள் உயரத்துக்கு இருந்திருக்கும். மூக்கு நிமிர்ந்தது. இன்ஜின் அலறியது. மேலே ஏறுகிறதா நேரே போகிறதா என்று சொல்லமுடியாத நிலையில் அப்படியே கிழக்கு வெள்ளைக்குள் புகுந்து மறைந்தது. சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

பனிக்குள்ளிருந்து முதலில் எருமை வந்தது. அது அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. அதன் பின்னால் யாரும் வரவில்லை.

நான் உள்ளே போனேன். வாக்கிடாக்கியைத் தீதி வாயருகே வைத்திருந்தார். பேசவில்லை. மேலே சுற்றுகிறவர்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள். இப்போதுதான் உயரம் பிடித்த விமானி, என்ன நடந்தது என்று கேட்டார். பதில் வராததால் திரும்பவும் கேட்டார்.

"ஜீவச்ஜி," என்றார் தீதி கடைசியில்.

கரகரப்பு. பிறகு, "தீதி."

"எங்க இருக்கீங்க?"

"புல்லுல."

"அடி பட்டுச்சா?"

"தெரியல. எல்லாம் ஆடுது. காது கேக்கல சரியா." மறுபடி கரகரப்பு. "வண்டி ரன்வேலயே கிடக்கு தீதி. லைட்டு எரியுது. கீழ விழுந்துட்டேன், அது அங்கியே கிடக்கு."

ஓடுபாதையில் மோட்டார் சைக்கிள் கிடக்கும்வரை யாரும் இறங்க முடியாது. எரிபொருளைப் பற்றிச் சொன்ன விமானி இப்போது ஒன்றும் சொல்லாமலிருந்தார். அதுதான் பயமாக இருந்தது. தீயணைப்பு வண்டி இருந்தது. ஓட்டுநரைக் காணோம். சங்கராந்திக்கு ஊருக்குப் போக, அதே ஓடுபாதையில் இறங்கவேண்டிய விமானத்துக்காகக் காத்து நின்றிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"எடுக்கணுமே," என்றார் தீதி.

"ஆமா தீதி. எடுக்கணும்."

பிறகு ஜீவச் கேட்டார்.

"டம்ளர் கவுந்திருக்கா?"

டம்ளர் இன்னும் தீதியின் கையில்தான் இருந்தது. பாதி டீ இருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். ஊற்றுவதற்கு ஓரிடம் அந்த அறையில் இல்லை. எழுந்து வெளியே போக நேரமில்லை. தன் காலடியில் தரையிலேயே ஊற்றினார். சக்கரங்களுக்கு நடுவில் ஆவி பறந்தது. டம்ளரைக் கவிழ்த்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன டம்ளர்?" என்றார் ஹாகிம்.

"கவுத்துட்டேன் ஜீவச்ஜி."

வாக்கிடாக்கி கரகரத்தது. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது.

"மௌசம் பாபு இருக்காரா அங்க?"

"இருக்காரு."

"அவர் பாத்தாரா?"

தீதி வாக்கிடாக்கியை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. "பாத்தேன் ஜீவச்ஜி," என்றேன். "கவுந்திருக்கு."

"கைய எடுத்துட்டாங்களா அதுலேருந்து?"

"எடுத்துட்டாங்க."

"அப்ப சரி. போறேன்."

அத்தனை விமானங்களும் அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்காக வானத்தில் வட்டமடித்தன. அவர் பனியிலிருந்து வெளியே வந்தபோது முன்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கொட்டகையில் நிறுத்தி இரண்டு தடவை சிமிட்டினார். தீதி டம்ளரைத் தொடவில்லை.

"எனக்கு முடியல ஹஜூர்," என்றார்.

"முடியாதுதான் நானி," என்றார் ஹாகிம். மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்ல," என்று ஹாகிம் ஒப்புக்கொண்டார்.

தீதி என்னைக் கூப்பிட்டு டம்ளரை நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினேன். எரிபொருள் குறைந்தவரை முதலில் இறக்கினார். பிறகு மற்றவர்களை, ஒவ்வொருவராக. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொரு முறை ஜீவச் உள்ளே போகும்போதும் அவர் தீதியிடம் ஒரு வார்த்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் போனார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தீதிக்குக் கை காலியாக இல்லை. ஹாகிம் கடைசிவரை பிளாஸ்கைக் கீழே வைக்காமல் நின்றார்.

கடைசி விமானமும் கிளம்பியபின் ஜீவச் மேலே வந்தார். சட்டையெல்லாம் சேறு. பைக்குள் எள்ளுருண்டை பொடியாகியிருந்தது. தீதி எழுந்து நின்றார். ஏதோ சொல்லப் போனார். ஜீவச் தன் டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார். அடியில் கொஞ்சம் டீத்தூள் ஒட்டியிருந்தது.

"இன்னிக்கு டீ வேணாம் தீதி," என்றார். டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு காட்மாண்டுவிலிருந்து வந்தது. விமானத்தில் வந்தார்கள். வேறு ஆள் இல்லாததால் அவர்களை இறக்கியதும் மேனுகா தீதிதான். பத்திரமாக இறக்கினார். அவர்கள் கோபுரத்துக்கு ஏறி வந்து, நான்கு இருக்கைகளையும் பார்த்தார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று உருண்டு பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் எல்லாரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். என்னிடம் அதிகம் கேட்கவில்லை. துறை வேறு.

முடிவு சீக்கிரமே வந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் டீ, டம்ளர், பிளாஸ்க் முதலான பாத்திரங்கள் எதுவும் இனி இருக்கக்கூடாது. ஹாகிமின் கதவிலிருந்து சிவப்புப் பலகை எடுத்து வரப்பட்டு மைக்கின் மேல் கயிற்றால் கட்டப்பட்டது. கயிறு அவிழ்வதில்லை என்பதால் அது எப்போதும் அங்கேயே இருக்கிறது. மேனுகா தீதி மேல்விசாரணை முடியும்வரை பணிக்கு வரவேண்டியதில்லை. திகாரிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த விடுப்பு அப்படியாகக் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தேன். கதவருகே மகள் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, "அம்மா தூங்கறாங்க," என்றாள். உள்ளேயிருந்து, "தூங்கல, வா மௌசம்," என்று குரல் வந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நாள் முழுக்கப் படுத்துதான் இருக்கேன்," என்றார். "கண்ண மூடினா அவர் குரல். அவர் பாத்தாரான்னு உன்னக் கேட்டாரில்ல."

"அவர் அப்ப பயத்துல..."

"தப்பில்ல. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்." பிறகு கேட்டார், "இப்ப யாரு?"

"பக்கத்து நிலையத்துலேருந்து விஷ்வ தாஜுவ அனுப்பியிருக்காங்க."

"அங்க யாரு?"

"அங்க இப்ப ஒருத்தர்தான்."

தீதி தலையாட்டினார். மகள் ஒரு தட்டில் சாக்கு என்கிற வெல்லப்பாகு மிட்டாய் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் இருவரும் தொடவில்லை.

விஷ்வ தாஜு, அதாவது விஷ்வ அண்ணன், ராத்திரி பஸ்ஸில் வந்து, வந்த சூட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தவர். எழுந்து பார்த்ததில்லை. கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். பிறவியிலேயே அப்படியோ என்று முதலில் நினைத்தேன்.

இரண்டாம் நாள் ஜீவச் மாடத்துக்கு வந்தார். இன்னும் நொண்டல் இருந்தது. பையிலிருந்து டம்ளரை எடுத்தார்.

"அறைக்குள்ள வைக்கக் கூடாதாமே பாபு. இந்த மாடமும் அந்த அறையச் சேந்ததா?"

"இல்ல. மாடம் வானிலைத் துறை."

"அப்ப இது இங்க இருக்கட்டும்." புகைபோக்கி பார்க்க நான் நிற்கும் இடத்தில், கைப்பிடிச் சுவரின் மேல் டம்ளரை வைத்தார்.

"ஜீவச்ஜி, நான் கவுக்கலாம். ஆனா மைக்குல பேச எனக்கு அனுமதி இல்ல. எதும் ஆச்சுன்னா நான் சொல்றது யாருக்கும் கேக்காது."

"தெரியும் பாபு. கண்ணாடியத் தட்டத் தெரியுமில்ல?"

"அது தெரியும்."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு, போதாது என்பது முகத்தில் தெரிய இறங்கிப் போனார்.

இன்றைக்கும் மதியம் புகைபோக்கி தெரிந்தது. சொன்னேன். கிளம்பி வந்துவிட்டார்கள். மேலே மூன்று பேரோ நான்கு பேரோ சுற்றுகிறார்கள், பனியில் எண்ண முடியவில்லை. சங்கு ஊதியது. ஜீவச்சின் வண்டி கிழக்கே போய் வெள்ளைக்குள் மறைந்தது. நான் டம்ளரைக் கவிழ்த்தேன். கையுறை போட்டிருந்தும் எவர்சில்வர் சில்லென்றிருந்தது. பிறகு கண்ணாடியைத் தட்டினேன்.

விஷ்வ தாஜு திரும்பவில்லை. மறுபடியும் தட்டினேன். திரும்பினார். நான் டம்ளரைக் காட்டினேன். சிவந்த கண்களால் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தலை மெல்ல முன்னால் அசைந்தது. அது எனக்குச் சொன்ன பதிலா, தூக்கமா என்று தெரியவில்லை. மறுபடியும் தட்டினேன்.